நூலகத்தில் சத்தம் போட ஓர் அறை

தனி இட ஒதுக்கீடு கேட்டு நடக்கும் சாலை மறியலால் இன்று ரிஷிவந்தியம் பஸ் வரவில்லை. வகுப்பில் பாதிப் பேர் இல்லை. நான் கல்லூரி நூலகத்துக்குப் போய்விட்டேன்.

முன்பெல்லாம் புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். இப்போது எல்லாம் திறந்த அலமாரியில். பீரோக்கள் இருந்த அறையில் மேசை போட்டு, ‘இங்கே பேசலாம்’ என்று எழுதியும் ஒட்டிவிட்டார்கள்.

பழக்கம் விடுமா? அங்கே என் வகுப்புத் தோழிகள் கோமதியும் செல்வியும் கிசுகிசுப்பாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்குத் தனியா குடுத்தா எங்களுக்குக் கம்மியாவாதா?” என்றாள் செல்வி.

“எங்க வூட்ல நான்தான்டி மொதல்ல காலேஜுக்கு வந்தவ.”

“நான் மட்டும் இன்னா?”

நூலகர் மேடம் உள்ளே வந்தார். இருவரும் பதறி எழுந்தார்கள்.

“இன்னாத்துக்கு முணுமுணுக்கிறீங்க? சத்தமா பேசத்தானே இந்த ரூமு!” என்றவர், இட ஒதுக்கீட்டு வரலாறு பற்றிப் புதிதாக வாங்கிய புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

“ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு பேரும் படிச்சிட்டு சண்டை போடுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஒரே புத்தகத்தின்மேல் இரண்டு தலைகள்.

“திருப்பவா?”

“இருடி, நான் இன்னும் முடிக்கல.”

இன்னொரு பிரதி வாங்கச் சொல்லி மேடத்திடம் யாராவது கேட்கப் போகிறீர்களா? தயவுசெய்து கேட்காதீர்கள்.