பென்சில் கோடு போட்ட நாவல்

கணவரின் முதல் மனைவி இறந்து ஒன்றரை வருடம் கழித்து நான் இந்த வீட்டுக்கு வந்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது அவளுக்குக் கழக்கூட்டம் என்கிற ஊரில் வேலை; அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள், பேச்சிலும் மலையாளம் கலந்துவிட்டது. சனிக்கிழமைகளில் வரும்போது நூலகத்தின் தமிழ்ப் பிரிவிலிருந்து எனக்கு இரண்டு நாவல்கள் எடுத்து வருவாள்.

போன மழைக்காலத்தில் அப்படி வந்தவற்றில் ஒன்று, மனைவியைக் காணவில்லை என்று புகார் கொடுக்கும் ஒரு டாக்டரின் கதை. முப்பதாம் பக்கத்திலேயே அவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, கடைசியில் அவரேதான். மற்றது, பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொன்ன மாற்றாந்தாயின் பழைய கதையை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லும் நாவல். பஞ்சம், பசி, கணவனின் கோழைத்தனம் என்று அவள் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது. எனக்கு அவளைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இவ்வளவு வசதியாகக் காரணங்கள் கிடைக்கிறவளை எப்படி நம்புவது?

பாதிப் புத்தகத்தில் ஒரு இடத்தில் பென்சில் கோடு. தான் எடுத்த முடிவைக் கணவன் எடுத்ததாக அவள் பிள்ளைகளிடம் சொல்லும் இடம்.

மகள்தான் எனக்காகக் கோடு போட்டிருக்கிறாளோ என்று தோன்றியது. மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலிருந்து கல்லாற்றுக்குச் சுற்றுலா போனார்கள். பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்கள், ஏதாவது ஆனால் ஊர் என்னைத்தான் சொல்லும் என்ற பயம். கையெழுத்துக்காக அவள் கொடுத்த தாளை அவரிடம் காட்டாமலே வைத்துக்கொண்டு, "அப்பா வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றேன். இரண்டு நாள் அவள் அப்பாவிடம் பேசவில்லை. என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தாள். அதில் எனக்குச் சந்தோஷமும் இருந்தது.

அந்த வாரம் முழுக்க, போனில் அவள் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டதைக்கூடச் சந்தேகப்பட்டேன். சனிக்கிழமை அவள் வந்து குடையை மடக்குவதற்குள் கேட்டுவிட்டேன்.

"இந்தக் கோடு நீ போட்டதா?"

"லைப்ரரி புக்கல்லே சித்தி. ஆரோ வரஞ்சிருக்காங்க. நான் வாசிக்கவே இல்ல. அட்டை நல்லா இருந்துது, எடுத்தேன்."

நம்பவில்லை. ஆனாலும் அந்தச் சுற்றுலாத் தாளைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலையைத் துவட்டியபடியே கேட்டாள். முகம் மாறவில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும். மூணாம் நாள் அப்பாட்ட சண்டை போட்டேன். அவரு ஒண்ணும் தெரியாம முழிச்சாரு."

"பின்னே ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீங்க வேற ஒண்ணு சொல்லுவீங்க. அதையும் கண்டுபிடிக்கணும்."

பதினான்கு வருடம். அவருமா தெரிந்துகொண்டு சும்மா இருந்தார்? மாலையில் கேட்டேன். எதுவும் நினைவில்லை என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் அந்த நாவலைத் தன்னோடு எடுத்துப் போனாள். புதன்கிழமை கூப்பிட்டாள்.

"பாதி ஆச்சு சித்தி. அவ பொய்தான் சொல்லுகா. ஆனா அந்தப் பிள்ளைங்க ரெண்டையும் நம்ப முடியல கேட்டோ."

ஏன் என்று கேட்டேன். அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்காமல் அவளிடம் நான் பேசியது, இந்தப் பதினைந்து வருடத்தில் அன்றுதான்.