சுண்ணாம்புக் கோடு கரைந்த ஆட்டம்

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் போன வாரம் கைபேசியில் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். பேஸ்பால் ஆட்டத்தில் இனி யாராலும் முறியடிக்க முடியாது என்று சொல்லப்படும் சாதனைகளைப் பற்றியது. எனக்கு அந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. தடியால் அடித்துவிட்டு, தடியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் சாதனை, வருஷம், எண்ணிக்கை என்று வந்துவிட்டால் எனக்கு வேறு வேலை ஓடாது. குடை வாங்கினால் அதன் பிடியில் வாங்கிய தேதியை எழுதி வைக்கிற ஆள் நான். வீட்டில் இதற்காக நான் வாங்கும் ஏச்சு தனிக் கணக்கு.

அந்தக் கட்டுரையில் ஒருவர் வருகிறார். தொடர்ந்து ஐம்பத்தாறு ஆட்டங்களில் ஒன்றுகூட விடாமல் பந்தை அடித்து, ஓடிச் சேர்ந்திருக்கிறார். எண்பது வருஷம் தாண்டியும் அதை யாரும் தொடவில்லை. இன்னொருவர் பந்து எறிந்தே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்றவர். இன்றைக்கு எறிபவர்களுக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துத்தான் ஆட வைக்கிறார்களாம். அதனால் அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட ஒருவர் போக முடியாது. திறமை குறைந்துவிட்டது என்பதில்லை, ஆட்டமே மாறிவிட்டது. நல்ல விளக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கொல்லைப்பக்கமிருந்து சுண்ணாம்பு வாசனை வந்தது. சுவருக்கு அடிக்க வந்தவர் பீப்பாயில் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைத் தாளித்துக்கொண்டிருந்தார். சூடும் ஈரமும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் நேராகத் திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய்க்குள் போய் நின்றுவிட்டேன்.

அப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிரிக்கெட். நான் ஆடினேன் என்று தப்பாக நினைத்துவிடக் கூடாது. மட்டையைக் கையில் கொடுத்தால் பந்து எந்தப் பக்கம் போனது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பேன். அதனால் ரன் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அணியின் நட்சத்திரம் ரெங்கன். விசைத்தறி ஓட்டுகிறவன், என்னைவிட நாலைந்து வயது இளையவன். அவனும் அவன் தம்பியும் சேர்ந்து ஆடும்போது ஓடுவதற்கான சைகை எல்லாம் வீட்டுத் தெலுங்கில்தான் நடக்கும். எதிரணிக்குப் புரியக் கூடாது என்று ஏற்பாடு. நரிக்குடி அணியின் விக்கெட் கீப்பர் அதையும் கற்றுக்கொண்டு, பின்னால் நின்று "ரா ரா" என்று வரச் சொல்லித் தம்பியை நடுவழியில் இழுக்கப் பார்ப்பார். ரெங்கனின் தம்பி அசைய மாட்டான். "இந்த ராவ எங்கம்மா கேட்டா சிரிச்சே செத்துரும்ணே" என்பான்.

அந்த வட்டாரத்தில் மூன்று வருஷமாகச் சரியான மழை இல்லை. கண்மாய்கள் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. விவசாயத்துக்கு அது எவ்வளவு கொடுமையோ, கிரிக்கெட்டுக்கு அவ்வளவு வசதி. மணல் நிரப்பிய தார் டிரம்மை உருட்டி நடுவில் பிட்ச் போட்டோம். சுற்றிலும் சுண்ணாம்புத் தூளால் எல்லைக்கோடு. உள்ளே வர வழிதான் இல்லை. வயலுக்குக் கரம்பை மண் அள்ளிய டிராக்டர்கள் ஒரு பக்கம் கரையைக் கொஞ்சம் வெட்டியிருந்தன. தொடர் ஆட்டம் நடத்திய இளைஞர்கள் மைக் செட் லோடு ஆட்டோ வரட்டும் என்று அதை இன்னும் அகலமாக வெட்டி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, தோரணம் போட்டு வாசலாக ஆக்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து போன எங்களுக்கும் அது அழகாகத்தான் தெரிந்தது. கண்மாய் இனி நிரம்பும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை.

சாதனைக்கு வருகிறேன். அந்தக் கண்மாயில் தொடர்ந்து ஆடிய ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு சிக்ஸராவது அடிப்பது என்பதுதான் அந்த வட்டாரத்தில் பெரிய பேச்சு. அதில் நரிக்குடி முருகேசன் அண்ணன் பத்தொன்பது ஆட்டம் போயிருந்தார். ஆட்டு வியாபாரி, முன்கை ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. ரெங்கனும் பத்தொன்பதைத் தொட்டுவிட்டான். இருபதாவது ஆட்டம் நரிக்குடியோடு. பந்து போடப் போகிறவர் அதே முருகேசன் அண்ணன். அன்றைய தேதி எனக்குத் தெரியும். எழுதினால் வீரசோழன் ஊர்க்கார நண்பர் ஒருவர் மறுத்துக் கடிதம் போடுவார், அதனால் ஐப்பசி மாதத்து ஞாயிறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த வீரசோழன் நண்பர் சிக்கந்தர் பாய்தான் மைக் செட்டுக்காரர், வர்ணனையும் அவரே. ஓர் ஓவர் முழுக்க ரெங்கனை அண்ணன் அசையவிடவில்லை. அடுத்த முறை பந்தோடு வந்தவர் பாதி ஓட்டத்தில் நின்று, "ஏலே ரெங்கா, நாளைக்குத் தறியில போயித் தூங்கிக்கிறலாம், இப்ப முழிச்சுக்க" என்றார். "நீங்க போடுங்கண்ணே, ஒங்க ஆட்டுக்குட்டிக்குக் கேக்குற மாதிரி அடிக்கிறேன்" என்றான் ரெங்கன். எல்லோரும் சிரித்தோம். அடுத்த பந்தை அவன் தூக்கினான்.

பந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடைப்பக்கம், கருவேல மரங்களை ஒட்டி விழுந்தது. விழுந்த சத்தம்தான் சரியில்லை. மண்ணில் விழுந்த சத்தம் இல்லை அது. எடுக்கப் போன பையன் போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தான். "தண்ணி வருது, தண்ணி வருது."

எங்கள் தலைக்குமேல் வெயில். முந்தின நாள் மேற்கே எங்கோ கொட்டிய மழை, யாரிடமும் சொல்லாமல் ஓடை வழியாக வந்துகொண்டிருந்தது. செம்மண் நிறத்தில், சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, வெடிப்புகளுக்குள் இறங்கி இறங்கி மெதுவாகப் பரவியது. எல்லைக்கோட்டை அந்தப் பக்கத்தில் அது ஏற்கெனவே தின்றிருந்தது. சுண்ணாம்பு கரைந்து ஒரு வெள்ளைக் கீற்று மட்டும் தண்ணீரின் மேல் நெளிந்தது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்ததா, உள்ளே விழுந்ததா என்று அம்பயர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

முருகேசன் அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. அவர் கண் வாழைக்கன்று கட்டிய வாசலில் இருந்தது. "டேய், கரை தொறந்து கெடக்குடா" என்று சொன்னவர் ஓடத் தொடங்கினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மூன்று வருஷம் கழித்து வருகிற தண்ணீர், ஆட்டத்துக்காகத் தோரணம் கட்டி வைத்த வழியில் வெளியே போய்விடும். அந்த ஊருக்கு அந்த வருஷமும் நெல் கிடையாது.

பிறகு நடந்தது எந்த அணியின் கணக்கிலும் சேராது. மைக் வண்டியை முதலில் வெளியே எடுத்தார்கள். பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த உரச் சாக்குகளில் மண் நிரப்பினோம். ஸ்டம்புகள் கருவேலங்கட்டைதான், அவற்றைப் பிடுங்கி முளையாக அடித்து, பந்தல் கீற்றை அண்டக் கொடுத்தார்கள். பிட்ச் உருட்டிய டிரம்மை ரெங்கனும் முருகேசன் அண்ணனும் தோளால் தள்ளி வாசலின் நடுவில் நிறுத்தினார்கள். ஊரிலிருந்து பெண்கள் மண்வெட்டியும் சட்டியுமாக வந்தார்கள். "கரைய வெட்டி வாசல் வச்ச மகராசனுக யாருய்யா?" என்று ஒரு அம்மா கேட்டது. எல்லோரும் இன்னும் மும்முரமாக மண் அள்ளினோம். கரைமேல் வண்டியை நிறுத்திய சிக்கந்தர் பாய்க்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நரிக்குடி அணித் தலைவர் மண் சட்டியை வாங்குகிறார், அருமையான கேட்ச்" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு மண்ணாங்கட்டியை எறிந்ததும் இறங்கி வந்து அவரும் சட்டி தூக்கினார்.

பொழுது சாயும்போது தண்ணீர் சாக்குகளைத் தொட்டது. அடியில் ஓர் இடத்தில் கசிந்தது. கால்களால் மிதித்து மிதித்துக் களிமண்ணை இறுக்கினோம். கசிவு நூலாகி, சொட்டாகி, நின்றது. கரையில் அப்படியே சாய்ந்தோம். இரவல் வாங்கிய பொருளை உடைத்துவிட்டோம் என்று பயந்து, எடுத்துப் பார்த்தால் முழுசாக இருந்தால் எப்படி மூச்சு வரும், அப்படி வந்தது.

"சிக்ஸர்னே எழுதிக்கய்யா. அம்புட்டு ஒசரம் போன பந்து கோட்டுக்குள்ளயா விழுகும்?" என்றார் முருகேசன் அண்ணன்.

"வேணாண்ணே. நான் பாக்கல, நீங்களும் பாக்கல" என்றான் ரெங்கன்.

"நான் விட்டுக் குடுத்தா ஒனக்கென்னடா?"

"விட்டுக் குடுத்தா அது ஒங்க சிக்ஸருண்ணே, என்னுது இல்ல."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ‘தண்ணீர் வந்ததால் ஆட்டம் நின்றது’ என்று மட்டும் எழுதினேன். தீர்ப்புச் சொல்லாமல் தப்பித்ததில் இன்று வரை எனக்கு நிம்மதிதான். பத்தொன்பதில் இருவரும் நிற்கிறார்கள். அடுத்த ஆட்டம் என்று ஒன்று நடக்கவில்லை. மைதானத்தில் ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது, தை மாதம் அந்த ஊரில் அறுப்பு நடந்தது.

இனி அதை யாரும் முறியடிக்கவும் முடியாது. கண்மாயை ஆழமாகத் தூர்வாரிவிட்டார்கள். காய்ந்தாலும் உள்ளே பள்ளமும் மேடும்தான், பிட்ச் போட இடம் கிடையாது. அருப்புக்கோட்டையில் பையன்கள் இப்போது விளக்கு வெளிச்சத்தில், பச்சை விரிப்பில், வலைக்குள் ஆடுகிறார்கள். மேலேயும் வலை. பந்து எங்கேயும் போவதில்லை, போய்த் தேடவும் வேண்டியதில்லை. ரெங்கன் ஓட்டிய தறிக்கூடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான்.

போன மார்கழியில் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது அவனும் நானும் அந்தக் கரையில் ஏறி நடந்தோம். கண்மாய் நிறையத் தண்ணீர், கரைக்கு மறுபுறம் வயலில் நாற்று நட்டிருந்தார்கள். அந்த வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று இருவரும் தேடினோம். எனக்கு ஒரு பனைமரத்தடி என்று ஞாபகம், அவனுக்கு இன்னும் கிழக்கே. கரை முழுக்க ஒரே மாதிரிப் புல். "தேதி எல்லாம் தெரியுது, எடம் தெரியலையே ரெங்கா" என்றேன்.

"தெரியாம இருக்கட்டும்ணே. தெரிஞ்சா ஒழுகுதுன்னு அர்த்தம்."