கண்ணு வச்ச முட்டை

பதினாறு வருஷமாக அவளுக்கு முட்டை பார்க்கிற வேலை. கோழி முட்டை இல்லை சாமி, மனுஷி முட்டை! கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் அவளுக்குப் பேரே ‘பூதக்கண்ணாடி அக்கா’.

முட்டைக்குள் குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டியிருக்கும். அந்த மனுஷி தன் அம்மா வயிற்றில் இருந்த நாளிலிருந்தே அப்படித்தான். முட்டை பழுக்கும்போது மெல்லிய நூல்கள் ஜோடிகளை இழுத்துப் பிரிக்கும். பாதி உள்ளே தங்கும், பாதி ஒரு குட்டிப்பையில் வெளியே போய்விடும். வயசாக ஆக அந்த ஒட்டுத் தளர்ந்து பங்கு தப்பிப்போகும். போன வருஷம் குழந்தைக்காக எடுத்த அவளுடைய சொந்த முட்டை நாலிலும் அதுதான் நடந்தது. வயசு நாற்பத்தொன்று. காலையில் அழுதாள், மத்தியானம் வேலைக்கு வந்தாள்.

இன்றைக்கு மைக்ராஸ்கோப்பின் கீழே ஓரகத்தியின் முட்டைகள் மூன்று. கொழுந்தன் பெண்டாட்டி, முப்பது வயசு. கருக்குழாயில் அடைப்பு, அவ்வளவுதான். “நீங்கதான் பாக்கணும்க்கா, வேற யாரும் வேண்டாம்” என்று கேட்டு வந்தவள்.

மூன்றிலும் நூல்கள் வகிடு எடுத்த மாதிரி நேராக மின்னின. அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமியாரின் செல்லம் இவளுக்கு, வயசு இவளுக்கு, இதுவும் இவளுக்கேவா? அரை நிமிஷத்தில் முடிக்க வேண்டியதை முறைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

நூல்கள் மங்கின. கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். காணோம்! கீழே தட்டைத் தொட்டால் சில்லென்று இருந்தது. சூட்டுக்கான ஸ்விட்சையே போடவில்லை. முட்டை குளிர்ந்தால் நூல் கரைந்துவிடும் என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுப்பதே அவள்தான்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி பதறினாள். ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கெஞ்சினாள். “வாங்கடி தங்கங்களா, பெரியம்மா கூப்பிடறேன்ல, வந்துடுங்கடி.”

இரண்டில் நூல் திரும்பியது. மூன்றாவது வெறுமையாகவே கிடந்தது.

டாக்டரம்மாவிடம் சொன்னாள். பிறகு ஓரகத்தியின் அறைக்குப் போனாள்.

“மூணுல ஒண்ணு போச்சும்மா. சூடு போட மறந்துட்டு, வயித்தெரிச்சல்ல பாத்துக்கிட்டே உக்காந்துட்டேன். வேற யாரும் இல்ல, நான்தான் கண்ணு வச்சேன்.”

ஓரகத்தி போர்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை.

“மிச்சம் ரெண்டையும் வேற யாராவது பாக்கட்டும்க்கா.”