பிரேக் இல்லாமல் ஓட்டிய விமானம்

பேகம்பூரில் முனீர் நடத்திய பிரவுசிங் சென்டரில் பாஸிலா டைப்பிங் வேலைக்குச் சேர்ந்தது 2004இல். மதியம் ஆள் வராத வேளையில் அங்கிருந்த கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குக் கிடைத்த கீபோர்டில் முற்றுப்புள்ளி பட்டன் செத்துப்போயிருந்தது. அந்த சிமுலேட்டரில் அதுதான் பிரேக்.

ஓடுபாதையை எட்டுவதற்குள் விமானம் புல்லில் இறங்கிவிடும். முதல் பத்து நாளும் இதே கதை.

"வேற கீபோர்டு மாத்தித் தரவாம்மா?" என்றார் முனீர்.

"இருக்கட்டும்ண்ணே. இது ஏன் இம்புட்டு வேகமாப் போகுதுன்னு மொதல்ல பாக்குறேன்."

பார்த்தாள். அது இரட்டை எஞ்சின் விமானம். பவரே கொடுக்காவிட்டாலும் சுற்றுகிற புரொப்பல்லர்கள் அதை இழுத்துக்கொண்டு ஓடின. எரிபொருள் லிவரைக் கீழ்நிலைக்கு இறக்கினாள், இழுப்பு தணிந்தது. பவர் லிவரை, எஞ்சின் சும்மா ஓடும் ஐடில் நிலைக்கும் சற்றுப் பின்னால் கொண்டுவந்தாள். புரொப்பல்லர் இறக்கைகள் தட்டையாகி விமானம் நடைவேகத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் போனால் புரொப்பல்லர் காற்றை முன்னால் தள்ளி விமானத்தையே நிறுத்திவிடும். இடப்பக்கம் திரும்ப வலது எஞ்சினுக்கு மட்டும் துளி பவர் போதும். மாதம் முடிகையில் மூக்குச் சக்கரம் தரையில் போட்ட மஞ்சள் கோட்டை விட்டு விலகவில்லை.

சென்டருக்கு வந்துபோகும் ஜெரோம் இதைப் பார்த்துவிட்டான். அவன் கல்லூரியின் கம்ப்யூட்டர் விழாவில் ஒரு போட்டி: விமானத்தை நிறுத்துமிடத்திலிருந்து ஓட்டிவந்து, ஓடுபாதைக்கு முன்னுள்ள கோட்டில் நிறுத்த வேண்டும். வெளியாட்களும் கலந்துகொள்ளலாம். "நீங்க வாங்கக்கா" என்று அவள் பெயரைக் கொடுத்துவிட்டான்.

போட்டியன்று அவளுக்கு முன் பதினெட்டுப் பேர் பவரைக் கூட்டுவதும் பிரேக்கைக் குத்துவதுமாக வளைவில் சறுக்கினார்கள். பாஸிலா உட்கார்ந்தாள். மூன்று திருப்பம் கடந்தும் அவள் விரல் பிரேக் பக்கம் போகவில்லை.

"அக்கா, பிரேக்கு வலப்பக்கம் இருக்கு" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"தெரியும் தம்பி. கோட்டுல நிக்கிறப்ப ஒரு தடவ தேவைப்படும்."

அந்த ஒரு தடவை அழுத்தினாள். சக்கரம் கோட்டின்மேல் நின்றது. கைதட்டலில் அறை அதிர்ந்தது. முதல் பரிசு கொடுத்த விரிவுரையாளர் அறிவுச்செல்வி, "சனிக்கிழமைதோறும் எங்க பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டார். பாஸிலா யோசிக்கவே இல்லை. "வாரேன் மேடம்."

மூன்று வாரம் வகுப்பில் ஒருவரையும் அவள் பறக்க விடவில்லை. "எப்பக்கா மேல ஏத்துவீங்க?" என்று ஜெரோம் நச்சரித்தான்.

"கோட்டுல நேராப் போ. அன்னைக்கே ஏத்துறேன்."

நான்காம் சனிக்கிழமை ஏழு பேர் பறந்தார்கள். ஜெரோமுக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது.