மூன்றாவது வரி

காலேஜில் சேர்த்துவிட்ட அன்றே அப்பா சொல்லிவிட்டார்: "ஒரு பேப்பர் அரியர் விழுந்தாலும் படிப்ப நிறுத்திட்டுக் கல்யாணம் பண்ணி வச்சுருவேன், பாத்துக்க." சொன்னால் செய்கிற ஆள் அவர். கந்தர்வக்கோட்டையிலிருந்து புதுக்கோட்டை போகிற பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே படித்தேன். முதல் செமஸ்டரில் எல்லாம் பாஸ். டிகிரி முடிக்கிறவரை இனி கல்யாணப் பேச்சே எழாது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இரண்டாவது செமஸ்டரில் டிஸ்கிரீட் மேத்ஸ் வந்தது. மேடம் போர்டில் 'மழை பெய்தால் ரோடு நனையும்' என்று எழுதி, கீழே அது எப்போது உண்மை, எப்போது பொய் என்று காட்டும் ட்ரூத் டேபிள் போட்டார். மழை பெய்து ரோடு நனைந்தால் அந்த வாக்கியம் உண்மை. பெய்தும் நனையாவிட்டால் பொய். அதுவரை சரி. மூன்றாவது வரியில் மழை இல்லை, ரோடு நனைந்திருக்கிறது. அதற்கும் உண்மை என்று எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன்.

"மழையே இல்லாம ரோடு எப்படி மேம் நனையும்?"

"தண்ணி லாரி ஒழுகிட்டுப் போனா நனையாதா? மழை பெஞ்சா என்ன ஆகும்னுதான் சொல்லிருக்கோம். பெய்யலைன்னா என்ன ஆகும்னு ஒண்ணுமே சொல்லலையே."

வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழிந்தபடி உட்கார்ந்தேன். அப்புறம்தான் மழை இருந்த இடத்தில் அரியரையும், ரோடு நனைவதற்குப் பதில் கல்யாணத்தையும் போட்டுப் பார்த்தேன். அரியர் இல்லை, கல்யாணம் உண்டு. அப்போதும் அப்பா சொன்னது பொய்யாகாது. அரியர் விழாவிட்டால் என்ன என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகவே சேர்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன், மடச்சி.

வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்காமல் கேட்டேன். அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அரியர் விழுந்தாத்தானே கல்யாணம்?"

அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "அதுக்குள்ள இவகிட்டச் சொல்லிட்டியா?"

அம்மா இல்லையென்று தலையாட்டினாள். ஏதோ ஒரு சந்தேகத்தில்தான் கேட்டேன். இப்படியொரு பதில் வரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கறம்பக்குடியிலேருந்து ஒன்னையப் பாக்க வாராங்கத்தா," என்றார் அப்பா. "நல்ல எடம்."

"நான்தான் எல்லாத்துலயும் பாஸ் பண்ணிட்டேனேப்பா."

"யாரு இல்லைன்னா? எல்லாப் பேப்பரும் பாஸுன்னு சொன்ன பெறகுதான் அவங்க வாரோம்னே சொன்னாங்க."