இரண்டாவது வரிக்குப் போகிறவர்

தரைத்தளத்தில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ பலகையை மாட்டி, மெயினை அணைத்து, அதன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லிஃப்ட் கூண்டின் கூரைமேல் ஏறி நின்றதும் அவர் முதலில் தொண்டையைச் செருமுவார். பிறகு ஒரு நீண்ட ‘ஆ’. எட்டு மாடி உயர இருட்டுச் சுவர் அதை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தரும். சரியாக வந்தால் பாட்டு தொடங்கும். வராவிட்டால் தன்னையே திட்டிக்கொள்வார். "கழுத, இன்னும் கொஞ்சம் மேல போனா செத்தா போயிடுவ?"

எங்கள் குடியிருப்பின் லிஃப்டைப் பழுது பார்க்கக் கம்பெனி அனுப்புகிற லிஃப்ட்காரர் அவர். வயது ஐம்பதைத் தொடுகிறது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பொத்தானை நாலைந்து தடவை அமுக்குகிறவர்களைக் கண்டால் எரிந்து விழுவார். "ஒரு தடவ அமுக்கினாலே அதுக்குக் காது கேக்கும்ங்க." ஸ்பேனர்களைத் துடைத்து அளவுவாரியாகத்தான் பையில் அடுக்குவார். டீ கொடுத்தால் நின்றபடி குடித்து, டம்ளரைக் கழுவித்தான் திருப்பித் தருவார். குடியை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. அதைப் பாராட்டிவிட்டால் போச்சு. "எதுக்குங்க கை தட்றீங்க? ஒருத்தன் பதினாறு வருஷம் குழியில கெடந்துட்டு வெளிய வந்தா, குளிச்சியா, சாப்பிட்டியான்னு கேளுங்க. குழி எவ்ளோ ஆழம்னு கேக்காதீங்க."

வெளியே வந்த உடனே பசி எடுத்துவிடவில்லை. முதல் ஏழு மாதம், சாயங்காலம் ஆறு மணி ஆனால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கிறார். மச்சான் ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்தார். "மீனு என்னைப் பாக்குது, நான் மீனப் பாக்கறேன். ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்ல." சீட்டுக்கட்டு, நடைப்பயிற்சி, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் விளையாட்டு, எதுவும் ஒட்டவில்லை. இளவயதில் பாடுவாராம். அந்த ஆசையும் குடியோடு போயிற்று என்றுதான் நினைத்திருக்கிறார். ஒரு நாள் ஏதோ ஒரு கட்டடத்தில் ஸ்பேனர் கைதவறிக் கீழே குழியில் விழ, கெட்ட வார்த்தை ஒன்றை உரக்கக் கத்தினார். சுவரில் முட்டித் திரும்பி வந்த அந்த வார்த்தை நல்ல சுருதியில் இருந்ததாம். "என் குரலா இதுன்னு ஆயிடுச்சு. அதே வார்த்தைய இன்னொரு தடவ இழுத்துப் பாத்தேன்." அன்று வீட்டுக்குப் போகிற வரை முணுமுணுத்துக்கொண்டே போயிருக்கிறார். இப்போது வாரம் இரண்டு நாள் பாட்டு வகுப்பு, எட்டு வயதுக் குழந்தைகளோடு, கடைசி வரிசையில். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்கிற ஒரே ஆள் தான்தான் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு.

இந்த மனிதரைத்தான் நாங்கள் மாட்டிவிட்டோம். லிஃப்ட்காரர் வேலை நேரத்தில் குடித்துவிட்டுப் பாடுகிறார் என்று எங்கள் சங்கச் செயலாளர் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பத்தொன்பது கையெழுத்து. எட்டாவது என்னுடையது. அவர் அருகே போய் நின்று பார்த்தவர்கள் எங்களில் ஒருவர்கூட இல்லை. முன்பு குடித்தார், இப்போது பாடுகிறார், ஆகவே குடித்திருக்கிறார். படித்தவர்களின் புத்தி இவ்வளவுதான். செயலாளர் பேனாவோடு வாசலில் நிற்கிறாரே, எப்படி மறுப்பது என்று போட்டுவிட்டேன். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல ஆத்திரம் வருகிறது. கம்பெனி ஒரு வார்த்தை விசாரிக்காமல் அவரைப் பத்து நாள் வீட்டில் உட்கார வைத்தது.

மூன்றாம் நாள் அவர் மனைவி வந்தார். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. அந்தச் சீருடையோடே வந்து அறிவிப்புப் பலகை முன்னால் நின்று கத்தினார். "எழுதினது யாரு? வெளிய வாங்க! அவரு குடிச்சா எப்படிப் பாடுவாருன்னு எனக்குத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா? குடிச்சா முதல் வரியவே மணிக்கணக்கா பாடுவாரு. இப்ப ரெண்டாவது வரிக்குப் போறாருங்க! மூணாவதுக்குப் போறாரு! முழுப் பாட்டையும் முடிச்சிட்டுச் சாப்பாடு எடுத்து வைங்கறாரு!"

கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. யாரும் வெளியே வரவில்லை. நான் தாமதமாகத்தான் இறங்கிப் போனேன். "நானும் கையெழுத்துப் போட்டேம்மா" என்றேன். "போட்ட கையாலயே அழிச்சும் குடுங்க" என்றார். என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக் கம்பெனிக்கு எழுதினேன். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். மேலே சொன்ன கதையெல்லாம் அங்கே அவர் வாயால் கேட்டதுதான்.

கம்பெனி ஒரு வழி கண்டுபிடித்தது. அவர் திரும்பி வரலாம். வரும்போதெல்லாம் செயலாளர் முன்னால் மூச்சுக் கருவியில் ஊதி, குடிக்கவில்லை என்று காட்ட வேண்டும். வேலை நேரத்தில் பாடக் கூடாது. பாடினால் அடுத்த புகாரோடு வேலை போய்விடும். ஊதுவதற்கு உடனே ஒப்புக்கொண்டார். "நூறு தடவ ஊதறேன். நான் பண்ணதுக்கு அது சரிதான். ஆனா பாடாதேன்னு சொல்றதுக்கு இவங்க யாரு? நாள் முழுக்க வாயக் கட்டிட்டு ஆறு மணிக்கு வெளிய வந்தா என் காலு எங்க போகும்னு எனக்குத்தாங்க தெரியும்."

போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் செயலாளர் கருவியோடு இறங்கி வந்தார். லிஃப்ட்காரர் ஊதினார். பூஜ்ஜியம். செயலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏமாந்துபோனவர் போலத்தான் எனக்குத் தெரிந்தது. "சரி, பாட்டுகீட்டு எதுவும் வேணாம்ப்பா. நேத்து நம்ம வீட்ல சின்ன பார்ட்டி. தலை வேற வலிக்குது" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. இரண்டடி தள்ளி நின்ற எனக்கே வாடை அடித்தது.

லிஃப்ட்காரர் கருவியை அவர் கையிலிருந்து வாங்கினார். தான் ஊதிய குழாயைக் கழற்றிப் பையில் போட்டார். கருவியோடு வந்த உறை ஒன்றைக் கிழித்துப் புதுக் குழாயை எடுத்துச் செருகி, ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். அதைச் செயலாளரின் வாய்க்கு நேராக நீட்டினார். நீட்டிய கையை இறக்காமல், உரக்கப் பாட ஆரம்பித்தார்.