சிங்களம்தான் முதலில் போனது

காலை பஸ்ஸில் கொண்டக்டர், "கொஹேத அக்கே?" என்று, எங்கே போகிறேன் என்பதைச் சிங்களத்தில் கேட்டார். வெள்ளவத்தையில் ஏறி கொள்ளுப்பிட்டியில் இறங்குகிறவள் நான். அந்த ஊர்ப்பெயர் இரண்டு பாஷையிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதுகூட வாயில் வரவில்லை.

காப்புறுதிக் கம்பனியொன்றில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை. மூன்று பாஷையிலும் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். அன்று மத்தியானம் இங்கிலீஷும் போயிற்று. மனேஜர் பேசியது வெறும் சத்தமாகக் கேட்டது. பின்னேரம் வீட்டில் தமிழில் "ஓம்" மட்டும் மிஞ்சியிருந்தது.

கணவர் பாரிசவாதம் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். ஸ்கானில் ஒன்றுமில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கோ பயம் கூடியது. ஏதாவது இருந்திருந்தால் மருந்தாவது இருந்திருக்கும்.

எனக்கு ஓட்டிசம் இருக்கிறது என்று கண்டுபிடித்த டொக்டரிடமே பிறகு போனோம். மற்றவர்கள் யோசிக்காமல் செய்வதை நான் யோசித்து யோசித்துச் செய்கிறேன்: எங்கே பார்ப்பது, எப்போது சிரிப்பது, எந்தக் குரலில் பேசுவது. இத்தனை வருடம் அப்படி நடித்ததில் உடம்பும் மூளையும் ஓய்ந்துவிட்டன என்றார். பேர்ன் அவுட் என்று அதற்குப் பெயரும் சொன்னார்.

"ஓய்வு குடுத்தா பேச்சு வரும். திரும்பவும் பழையபடி ஓடினா, அடுத்த முறை முழுசா வருமெண்டு சொல்லேலாது."

கணவரின் காதில் முதல் வசனம்தான் விழுந்தது.

வீட்டில் கிடந்தேன். வெளியே காலிக்குப் போகும் பெருவீதியின் ஹோர்ன் சத்தமும் மேல்மாடியில் யாரோ தளபாடம் இழுப்பதும் பல்லுக்குள் கூசின. தலையணை, யன்னல், கரண்டி என்று கண்ணில் பட்டதை எல்லாம் மெல்லச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயர் தெரியாமல் நின்றேன். தமிழும் போனால் நான் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் என்ன இருக்கும்?

மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. போன கிழமை மனேஜர் போன் எடுத்தார். நான் யோசிக்க முன்னமே, சிரித்த குரலில், ஐ ஆம் ஃபைன் என்று என் வாய் சொல்லிவிட்டது. அது நான் வேலையில் நடிக்கிற அதே குரல். பக்கத்தில் நின்ற கணவர் பூரித்துப்போனார்.

"பழைய ஆளா வந்திட்டீர்!"

அவரை இருத்தி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குப் பயமா இருக்குது. அந்தப் பழைய ஆள்தான் என்னை இப்பிடி ஆக்கினவள். திரும்ப அந்த ஒபீஸ் கதிரையில போய் இருந்தா, அடுத்த முறை தமிழும் போயிடும். பிறகு உங்களோடயும் கதைக்க ஏலாது."

நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"பாத்தீரே, எவ்வளவு வடிவாக் கதைக்கிறீர்," என்றார். "திங்கக்கிழமையே வேலைக்குப் போகலாம்."